வேலியைப் பார்க்காத காமிரா

"கால் தேவலையா, ஜூடித்தம்மா? திங்கக்கிழம நல்லா வழுக்கி வுழுந்துட்டியே!"

வாட்ச் ஆபீஸ் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜூடித் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவன் ராஜப்பா, மில்லின் காவல்காரர்களில் ஒருவன். கையில் டீ கிளாஸ். அவள் பதில் சொல்வதற்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

திங்கட்கிழமை அவள் விழுந்தது உண்மைதான். ஆனால் எந்த ஆணும் அதைப் பார்த்திருக்க முடியாது. அவள் விழுந்த இடம், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கும் மில் வேலிக்கும் நடுவில் இருக்கும் முள்புதர். தொழிலாளர்களின் நூற்றிருபது லைன் வீடுகளுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ்கூடக் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்கள் சொம்போடு போய்வரும் இடம் அதுதான். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை அவளோடு இருந்தது அவளுடைய பதின்மூன்று வயது மகள் வின்னியும் பக்கத்து வீட்டு லீலாவும் மட்டும்தான். இருவரும் ராஜப்பாவிடம் வாய் கொடுக்கிறவர்கள் இல்லை.

துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலி மூலையில் உயரமான இரும்புக் கம்பத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பெட்டி. அது மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதுதான் புதிதாக வந்த டெலிவிஷன் காமிரா. கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிற மில் அது. சுற்றிலும் பன்னிரண்டடி முள்கம்பி வேலி. போன வருஷம் யாரோ கம்பியை வெட்டிவிட்டார்கள் என்று கம்பெனி பெங்களூரிலிருந்து என்ஜினியர்களை வரவழைத்து, வேலி நெடுகப் பெரிய பெரிய விளக்குகளைப் போட்டு, இந்தப் பெட்டியையும் மேலே ஏற்றியது. வேலியைக் கண்காணிப்பதற்காக என்று கேட்டில் மூன்று மொழியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 1976-இல் தங்கவயலில் யார் வீட்டிலும் டெலிவிஷன் இல்லை. அது எப்படிப் பார்க்கும், எவ்வளவு தூரம் பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்? விளக்கு வந்ததும் வெளிச்சத்துக்குக் கூசி, பெண்கள் புதரின் மறுபக்கம் நகர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

காமிரா காட்டுவதைப் பார்க்க வாட்ச் ஆபீஸின் உள்ளறையில் ஒரு டெலிவிஷன் பெட்டி வைத்திருந்தார்கள். அறைக்குப் பூட்டு. பெருக்கக்கூட ஜூடித்தை உள்ளே விடுவதில்லை. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர் அதன்முன் உட்கார வேண்டும். அதற்குப் பொறுக்கியெடுத்த ஆறு பேரில் அவளுடைய புருஷன் எட்மண்டும் ஒருவன். சுரங்கத்தில் இரண்டு விரல் போனபின் மேலே காவல் வேலைக்கு வந்தவன். "உள்ள இன்னாங்க தெரியுது?" என்று முதல் வாரம் அவள் ஆசையாகக் கேட்டபோது, "வேலி. வேற இன்னா தெரியும்?" என்றான். வெளியே எதுவும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

அன்று எட்மண்ட் மத்தியான ஷிஃப்ட். ராஜப்பா கொஞ்ச நாளாகவே டபுள் ட்யூட்டி என்று அந்த ஷிஃப்டிலும் இருந்தான். சாயங்காலம் ஆறரைக்கு, எந்த நாளும் இல்லாத வழக்கமாக, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வாட்ச் ஆபீசுக்குப் போனாள். கேட்டிலிருந்தவன் தெரிந்தவன், சோறு என்றதும் விட்டுவிட்டான். உள்ளறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அவள் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அறை இருட்டாக இருந்தது. பெட்டியில் மட்டும் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் முள்புதர் தெரிந்தது. புதருக்குப் பின்னால், எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, உட்கார முடியாமல் உட்காருகிற ஒரு பெண் தெரிந்தாள். கொண்டை போட்டிருந்த விதத்திலேயே ஜூடித்துக்குத் தெரிந்துவிட்டது. லீலா.

படத்தில் வேலி இல்லை. ஒரு கம்பிகூட இல்லை.

ராஜப்பாவின் கை ஒரு பிடியின்மேல் இருந்தது. அவன் அதைக் கொஞ்சம் திருப்ப, படமும் கொஞ்சம் நகர்ந்தது. பக்கத்து நாற்காலியில் எட்மண்ட் ஒரு நோட்டுப் புத்தகத்தின்மேல் குனிந்துகொண்டிருந்தான். அதில் அவன் எதுவும் எழுதவில்லை.

ஜூடித் டிபன் பாக்ஸைப் பெட்டியின்மேல் ஓங்கி அடித்தாள். குழம்பு வழிந்தது. கண்ணாடி உடையவில்லை. ராஜப்பா துள்ளி எழுந்தான்.

"ஏய், யார் உன்ன உள்ள உட்டது? எட்மண்டு, இழுத்துக்கினு போ உன் பொண்டாட்டிய!"

"அவ வயித்துல புள்ள கீதுடா! புள்ளத்தாச்சிடா அவ!" ஜூடித்தின் குரல் வராந்தாவரை கேட்டது. எட்மண்ட் எழுந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் உதறிவிட்டு வெளியே ஓடினாள்.

கேட்டைத் தாண்டி, மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பு அறுந்து போக ஓடினாள். புதரருகில் போய், "எழுந்திரிங்கடி! எல்லாரும் எழுந்திரிச்சு வூட்டுக்குப் போங்க! அந்தப் பெட்டி உங்களப் பாக்குது! உள்ள உக்காந்துகினு ஆம்பளைங்க பாத்துக்கினு கீறானுங்க!" என்று கத்தினாள். பத்துப் பதினைந்து பெண்கள் அங்கங்கே எழுந்தார்கள். சிலருக்குப் புரியவில்லை. பாம்பு என்று நினைத்து ஒருத்தி ஓடினாள். லீலா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கம்பத்தைப் பார்த்தாள். பெட்டி அவளை விட்டுவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி, வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

எட்மண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து பேசாமல் படுத்துவிட்டான். மறுநாள் காலை வின்னி பள்ளிக்கூடம் போகும்வரை ஜூடித் காத்திருந்தாள். அவள் போனதும் கதவைச் சாத்தினாள். கல்யாணமாகி பதினைந்து வருஷத்தில் ஒருநாளும் அவனை ஒருமையில் பேசியதில்லை.

"எத்தினி நாளா நடக்குது?"

"ஜூடித்..."

"எத்தினி நாளா பாக்குற நீ?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "மூணு வாரம். நான் பாக்கல. ராஜப்பாதான் திருப்புவான். நீ வரும்போது நான் தலைய குனிஞ்சுக்குவேன். சத்தியமா."

"வின்னி வரும்போது?"

"அப்பவும்தான்."

"நீ குனிஞ்ச. பக்கத்து நாற்காலில கீறவன் குனிஞ்சானா?"

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"உன் பொண்ணு அவ. வயசுக்கு வந்து ஆறு மாசம் ஆவுது. அவ வர்றத ஒருத்தன் பாக்கறான், நீ அவன் பக்கத்துல உக்காந்து நோட்டப் பாத்துக்கினு கீற. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த, 'அந்தப் பக்கம் போகாதீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல உனக்கு?"

"கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறேன். வெளிய சொன்னா வேல போயிடும். மறுபடியும் கீழ எறங்க முடியாது, ஜூடித். இந்தக் கையி வெச்சிகினு யார் வேல குடுப்பாங்க?"

அவன் காட்டிய கையை அவள் பார்க்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை எடுத்து அப்படியே முற்றத்தில் ஊற்றிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

குழாயடியில் ஏற்கெனவே கூட்டம். லீலா இல்லை. அவளுடைய புருஷன் தம்மபாலன் ராத்திரியே விஷயம் தெரிந்து மண்வெட்டியோடு கிளம்பியதையும், நாலு பேர் சேர்ந்து பிடித்து வைத்ததையும் சொன்னார்கள். சொல்லும்போது ஒருத்தி ஜூடித்தை ஏற இறங்கப் பார்த்து, "உன் வூட்டுக்காரரும்தான் உள்ள உக்காந்திருந்தாராமே?" என்றாள்.

"ஆமா. உக்காந்திருந்தான்," என்றாள் ஜூடித். "அதுக்கும் சேத்துத்தான் நான் நியாயம் கேக்க வரேன்."

தொழிற்சங்கத்துக்கு ஆள் போனது. சங்கத்து ஜெயகரன் சைக்கிளில் வந்து இறங்கி, பெண்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான். "அநியாயம்தான். இல்லன்னு சொல்லல. ஆனா இது எமர்ஜென்சி. நாலு பேரு கூடினாலே உள்ள தூக்கிப் போட்றான். ஒரு மகஜர் எழுதிக் குடுக்கலாம்."

"மகஜரா?" என்று முன்னால் வந்தாள் மரியகுழந்தை. ஐம்பது தாண்டியவள், புருஷனைப் பாறை சரிவில் பறிகொடுத்தவள். "கக்கூஸ் கட்டிக்குடுன்னு எத்தினி மகஜர் போச்சு? எங்க வூட்டுக்காரர் உயிரோட இருக்கும்போதே போச்சே. நீ போய் உன் வேலையப் பாரு தம்பி."

ஏழு பெண்கள் மில்லின் செக்யூரிட்டி ஆபீசரிடம் போனார்கள். அவரை எல்லோரும் மேஜர் என்றுதான் சொல்வார்கள், பட்டாளத்திலிருந்து வந்தவர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே உடைந்த தமிழில் பேசினார். பெண்களை உட்காரச் சொல்லவில்லை.

"காமிரா வேலி பாக்குது. மனுஷன் பாக்கல. வேலி பக்கத்துல நீங்க ஏன் வர்றது? அது கம்பெனி நிலம். தடை செஞ்ச இடம். நான் நெனச்சா உங்க மேல கேஸ் போடலாம்."

"நேத்து படத்துல வேலியே இல்ல, சார். நான் பாத்தேன்," என்றாள் ஜூடித்.

"நீ பாத்தியா? அந்த ரூமுக்குள்ள போனியா?" மேஜர் ஒரு காகிதத்தை எடுத்தார். "அது பெரிய குத்தம். தெரியுமா? உன் ஹஸ்பெண்ட் பேர் எட்மண்ட். ரெண்டு பேருக்கும் டிஸ்மிஸ் ஆர்டர் போடறேன். போலீசுக்கும் எழுதறேன். இந்தக் காலத்துல போலீஸ் வந்தா என்ன ஆகும், தெரியும்ல?"

மரியகுழந்தை மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "எங்க ஆம்பளைங்க ஷிஃப்டு முடிஞ்சி வெளிய வரும்போது வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்குற. துணிய அவுக்கச் சொல்லிப் பாக்குற. தங்கத்தத் திருடிக்கினு போறான்னு சொல்ற. சரி. எங்ககிட்ட இன்னாத்த தேடுற? மூணு வாரமா அந்தப் புதருல எத்தினி தோலா தங்கம் கெடைச்சுது உனக்கு? சொல்லு."

மேஜரின் முகம் சிவந்தது. மணியை அடித்தார். காவல்காரர்கள் வந்து ஏழு பேரையும் வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களில் ராஜப்பாவும் இருந்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஜூடித்தின் தோளில் வைத்த கையை எடுக்க அவசரப்படவும் இல்லை. அவள் திரும்பி அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அத்தனை காவல்காரர்கள் இருந்தும் ஒருவரும் அவளைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது ஆபீசர்கள் பங்களாக்களைத் தாண்டி, கோல்ஃப் மைதானத்தின் ஓரமாக வந்தார்கள். வெட்டிவிட்ட பசும்புல். நடுநடுவே நிழலான மரங்கள், கத்தரித்த செடி வரிசைகள். புல்லுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. லைன் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். ஜூடித் நின்றாள்.

"இங்க காமிரா இல்ல," என்றாள்.

மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். மரியகுழந்தைக்குத்தான் முதலில் புரிந்தது. "சாயங்காலம் அஞ்சரைக்கு ஆபீசருங்க வெளையாட வருவாங்க," என்றாள்.

"அதுக்குத்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்கு லைனிலிருந்து பெண்கள் கிளம்பினார்கள். கூட்டம் கூடினால் குற்றம் என்று ஜெயகரன் சொல்லியிருந்ததால், இரண்டிரண்டு பேராக, பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. கொடி இல்லை. ஒவ்வொருத்தி கையிலும் தண்ணீர் நிறைத்த சொம்பு மட்டும் இருந்தது. அறுபதுக்குமேல் இருப்பார்கள். லீலா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் கடைசியில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தனியாக வந்தாள். ஜூடித் பக்கத்தில் போனதும் லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைதானத்தில் நாலு ஆபீசர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிளப் வராந்தாவில் அவர்கள் வீட்டுப் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சொம்புகளோடு பெண்கள் புல்மேல் ஏறி, ஆளுக்கொரு மரமும் செடியுமாகப் பார்த்து நின்றார்கள். பந்தை அடிக்கக் கையை ஓங்கியவர் ஓங்கியபடியே நின்றார்.

"யார் நீங்க? என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர் மில் சூப்பரிண்டெண்ட். நரைத்த மனிதர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

ஜூடித் முன்னால் வந்தாள்.

"ஒண்ணும் வேணாம் சார். எங்களுக்கு லைன்ல கக்கூஸ் கெடையாது. முள்ளுப் புதர் பக்கம் போவோம். இப்ப அங்க உங்க காமிரா கீது. நாங்க போறத உள்ள உக்காந்து பாக்கறாங்க. இங்க மறைவு கீது, காமிரா கெடையாது. அதான் வந்தோம். இனிமே தெனமும் வருவோம். நீங்க வெளையாடுங்க, சார். எங்களப் பாக்காதீங்க. அது போதும்."

வராந்தாவில் டீக்கோப்பைகளின் சத்தம் நின்றது. ஒரு அம்மாள் எழுந்து உள்ளே போனாள். இன்னொருத்தி போகவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இவங்க சொல்றது நிஜமா?" என்று தன் புருஷனைப் பார்த்து உரக்கக் கேட்டாள். ஆடிக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவரான மேஜர்தான் அவர். சூப்பரிண்டெண்ட் அவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேஜர் சொன்னதில் 'ஃபென்ஸ்' என்ற சொல் நாலைந்து தடவை வந்தது.

இருட்டும்வரை அறுபது பெண்களும் நின்றார்கள். மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். போலீஸ் ஜீப் ஒன்று வந்து ரோட்டோரம் நின்றது. சொம்போடு நிற்கிற பெண்களை என்ன சொல்லிக் கைது செய்வது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் கோல்ஃப் ஆட யாரும் வரவில்லை.

நாலாம் நாள் விசாரணை வைத்தார்கள். சூப்பரிண்டெண்ட் எட்மண்டைக் கூப்பிட்டு நேராகக் கேட்டார். அறைக்கு வெளியே ஜூடித்தும் மரியகுழந்தையும் நின்றிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

"காமிராவை வேலியவிட்டுத் திருப்பினாங்களா, இல்லையா?"

மேஜர் உள்ளேதான் இருந்தார். ராஜப்பாவும் இருந்தான். எட்மண்டின் குரல் கேட்டது. "திருப்பினாங்க, சார். மூணு வாரமா. தெனமும். வெளக்கு வைக்கிற நேரத்துல. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

மரியகுழந்தை ஜூடித்தின் கையைப் பிடித்தாள். ஜூடித்துக்கு அழுகை வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக்குள் ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தால் போதுமே என்றுதான் தோன்றியது.

காமிராவைத் திருப்புகிற பிடியைக் கழற்றிவிட்டார்கள். பெட்டியை வேலிக்கு நேராக வைத்து முடுக்கி, பக்கவாட்டில் தகரம் அடித்தார்கள். ராஜப்பாவை வேறொரு கேட்டுக்கு மாற்றினார்கள். அவனுக்கு ஆன தண்டனை அவ்வளவுதான். மேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. தடை செய்த அறைக்குள் நுழைந்ததற்காக ஜூடித்தின் பெருக்கும் வேலை போனது. ரகசியம் வெளியிட்டதற்காக எட்மண்டைக் காவல் வேலையிலிருந்து எடுத்து, கல் உடைக்கிற கிரஷருக்குப் போட்டார்கள். மூன்று விரல் கையோடு அவன் அங்கே கூடை தூக்கினான். தம்மபாலன் ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும் அவனை அடித்தான். எட்மண்ட் தடுக்கவில்லை. ஜூடித்தும் நடுவில் போகவில்லை.

லீலா தன் தாய்வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றாள். திரும்பி வந்தபின்னும் ஜூடித்தோடு பேசவில்லை. ஜூடித் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. வீட்டில் அவள் சமைத்துப் போட்டாள், பரிமாறவில்லை. "எத்தினி நாளைக்கு இப்படி?" என்று எட்மண்ட் ஒருநாள் கேட்டான். "எனக்குத் தெரிலயே. தெரிஞ்சா சொல்றேன்," என்றாள். அது உண்மை. அவளுக்குத் தெரியவில்லை.

வின்னிக்கு எதுவும் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ அப்பா இருக்கும்போது வீட்டுக்குள் தாவணிக்குமேல் ஒரு துண்டையும் போர்த்திக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

லைனுக்குப் பன்னிரண்டு கக்கூஸ் கட்ட உத்தரவு வந்தது. கன்ட்ராக்டர் சித்தாள் வேலைக்குப் பெண்களைத் தேடினான். முதல் ஆளாக ஜூடித் போய் நின்றாள். செங்கல் சுமந்தாள், கலவை சுமந்தாள். சுவர் ஐந்தடி உயர்ந்ததும் மேஸ்திரி கொத்துக் கரண்டியைக் கழுவப் போனான்.

"இன்னும் நாலு வரிசை வையி," என்றாள்.

"பிளான்ல அஞ்சடிதாம்மா போட்டுக்கீது."

"பிளான் போட்டவன் இங்க வந்து உக்காரப் போறானா?"

மேஸ்திரி அவளைப் பார்த்தான். தலையில் எட்டு செங்கல்லோடு அவள் நகராமல் நின்றாள். மற்ற சித்தாள்களும் தங்கள் கல்லை இறக்காமல் அவள் பின்னால் வந்து நின்றார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சாரத்தில் ஏறினான். ஜூடித் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தாள்.